‘கவனக்குறைவு’ன்னு எழுதி ஃபைலை மூடாதீங்க

1/ கொஞ்சம் நீளமான இழை. ரயில்ல போறவங்க எல்லாரும் படிக்கணும். ரயிலே வராத எங்க ஊர்க்காரங்களும் படிக்கணும். ஏன்னு கடைசியில புரியும்.

2/ சில மாசங்களுக்கு முன்னால ஒரு நைட் டியூட்டி. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தரை கார்ல கொண்டுவந்து இறக்குறாங்க. வலது முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சு வெளிய தெரியுது. மேல ஒரு லுங்கியைச் சுத்தி வெச்சிருக்காங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/ "பைக்ல ஸ்லிப் ஆயிட்டாரு மேடம்"னு கூட வந்தவர் சொல்றார். காயத்தைக் கழுவுறேன். உள்ள ஜல்லித் தூள், கருப்பு கிரீஸ். தார் ரோட்டுல தேய்ஞ்ச சிராய்ப்பு ஒண்ணுகூட இல்லை. "யார் வண்டி ஓட்டுனது?"ன்னு கேட்டேன். கூட வந்தவர் அடிபட்டவர் முகத்தைப் பார்த்தார். அடிபட்டவர் சுவரைப் பார்த்தார்.

4/ காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லி செக்யூரிட்டி கூப்பிட்டதும் கூட வந்தவர் வெளிய போனார். அந்த ரெண்டு நிமிஷத்துலதான் உண்மை வந்துச்சு. "ரயிலு வந்துடுச்சு டாக்டரம்மா. கடப்பாரையோட குதிச்சேன். வெளிய சொன்னா நாளையில இருந்து வேலை இல்லைன்னுட்டாங்க."

5/ தண்டவாள வேலை. ஒப்பந்தக் கூலி. சாயங்காலம் அடிபட்டிருக்கு. வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. அங்க போனா அது ‘ரயில் கேஸ்’. அதனால சொந்த ஊர்ப் பக்கமா மணிக்கணக்குல கார்ல கொண்டுவந்து ‘பைக் கேஸ்’ ஆக்கப் பார்த்திருக்காங்க. எலும்பு வெளிய தெரியுற முறிவுல ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்கு லாபம். அந்த மணி நேரங்களைத் திருடினது ரயில் இல்லை.

6/ ஏ.ஆர்.னு ஒரு புத்தகம் எங்ககிட்ட இருக்கு. விபத்துப் பதிவேடு. யார், எங்க, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டார்னு அதுல எழுதுவோம். நான் எழுதினேன்: ‘ரயில் பாதைப் பணியின்போது ரயில் வந்ததால் குதித்துக் காயம் எனக் கூறுகிறார்.’ கூட வந்தவர் திரும்பி வந்து படிச்சுட்டு, "கவனக்குறைவுதான் மேடம் இதெல்லாம்"னு சொன்னார். இந்த இழை அவருக்கான பதில்.

7/ ‘கவனக்குறைவு’. நம்ம நாட்டுல இருப்புப்பாதையில ஒரு தொழிலாளி செத்தா முதல்ல வர்ற வார்த்தை இதுதான். பல நேரம் கடைசியா வர்ற வார்த்தையும் இதுதான். ஒரு டாக்டரா சொல்றேன், இது நோயோட பேரே இல்லை. ‘காய்ச்சலால் இறந்தார்’னு எழுதுற மாதிரி. எதனால காய்ச்சல்னு கேட்கணும்ல?

8/ முதல்ல கணக்கு. 2012 பிப்ரவரியில டாக்டர் அனில் காகோத்கர் தலைமையிலான உயர்நிலைக் குழு ரயில்வே பாதுகாப்பு பத்தி அறிக்கை கொடுத்துச்சு. 2007-08ல இருந்து 2011 அக்டோபர் வரை பணியில இருந்தப்போ செத்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர். காயம்பட்டவங்க சுமார் 8,700 பேர்.

9/ அதே காலத்துல ரயில் விபத்துகள்ல செத்தவங்க 1,019 பேர்னு அந்த அறிக்கை சொல்லுது. அதாவது டிவியில ஓடுற, மந்திரி ராஜினாமா கேட்கப்படுற அத்தனை விபத்துகளையும் சேர்த்தாலும், சத்தமில்லாம தண்டவாளத்துல செத்த தொழிலாளிகளோட எண்ணிக்கை அதிகம். ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒருத்தர். ஒருத்தர் செத்தா அது நியூஸ் இல்லைல்ல?

10/ ‘அது பழைய கதை டாக்டர்’னு சொல்வீங்க. சரி, புதுசைப் பார்ப்போம். 2024 ஜனவரி 22. மும்பை பக்கத்துல வசாய் ரோடு, நாய்காவ் ஸ்டேஷன்களுக்கு நடுவுல ராத்திரி சிக்னல் கோளாறைச் சரிசெய்யப் போன மூணு ஊழியர்கள் மேல லோக்கல் ரயில் ஏறிடுச்சு. மூணு பேரும் நிரந்தர ஊழியர்கள். ஒருத்தர் பல வருஷ அனுபவம் உள்ள இன்ஸ்பெக்டர். இவங்களுக்கா ரயில் வரும்னு தெரியாது?

11/ இன்னும் கிட்ட வாங்க. 2024 நவம்பர் 2. கேரளாவுல ஷொரணூர். பாரதப்புழா ரயில் பாலம். தண்டவாளத்துல குப்பை பொறுக்கிட்டிருந்த துப்புரவுத் தொழிலாளிகள் மேல கேரளா எக்ஸ்பிரஸ் மோதுச்சு. நாலு பேர் செத்தாங்க. ரெண்டு பெண்கள், ரெண்டு ஆண்கள். ஒருத்தர் உடம்பு ஆத்துல விழுந்து, தேடி எடுத்தாங்க.

12/ நாலு பேரும் நம்ம பக்கத்து சேலம் மாவட்டத்துக்காரங்க. ஒப்பந்தத் தொழிலாளிகள். நடந்தது என்ன? ஒப்பந்தத்தை ரத்து பண்ணினாங்க, ஒப்பந்ததாரர் மேல வழக்குப் போட்டாங்க, நிவாரணம் அறிவிச்சாங்க. எல்லாம் சரி. ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. பாலத்து மேல ஆளுங்க இருக்காங்கன்னு அந்த எக்ஸ்பிரஸ் ஓட்டுனவருக்கும், எக்ஸ்பிரஸ் வருதுன்னு பாலத்து மேல இருந்தவங்களுக்கும் சொல்ல வேண்டிய ஏற்பாடு எங்க போச்சு?

13/ இப்ப உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். அது என் ஏரியா. 110 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ரயில் ஒரு வினாடிக்கு 30 மீட்டர் தாண்டும். வளைவுல 300 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியும்னு வெச்சுக்கோங்க. உங்ககிட்ட இருக்கிறது பத்து வினாடி.

14/ அந்தப் பத்து வினாடிக்குள்ள குனிஞ்சிருக்கிறவர் நிமிரணும். ரயில் எந்தப் பாதையில வருதுன்னு பார்க்கணும். கையில இருக்கிற ஜாக்கியை, கடப்பாரையைத் தண்டவாளத்துல விட்டுட்டு வரக்கூடாது, ரயில் கவிழும். அதையும் தூக்கணும். உருளுற ஜல்லி மேல கால் வெச்சு வெளிய வரணும். நீங்க வீட்டுல காலிங் பெல் சத்தம் கேட்டு எழுந்து கதவைத் திறக்க எத்தனை வினாடி ஆகுதுன்னு இன்னைக்கு எண்ணிப் பாருங்க.

15/ பாலத்துல அதுவும் கிடையாது. ஒதுங்குற மேடை சில இடங்கள்ல மட்டும்தான் இருக்கும். அதுவரைக்கும் ஓடணும். கீழ ஆறு. பின்னால ரயில்.

16/ ‘ரயில் சத்தம் கேட்காதா?’ எல்லாரும் கேட்கிற கேள்வி. ரயில் உங்களைத் தாண்டிப் போறப்போ கேட்கிற இரைச்சலை வெச்சு நீங்க சொல்றீங்க. நேர் எதிர்ல வர்ற ரயிலோட சத்தம் அவ்வளவு முன்கூட்டியே கேட்காது. மின்சார எஞ்சின் டீசலைவிட அமைதி. காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா போச்சு. பக்கத்துப் பாதையில கூட்ஸ் போயிட்டிருந்தா இந்தப் பாதை ரயில் சத்தம் அதுல மூழ்கிடும். இரட்டைப் பாதையில இருக்கிற பெரிய ஆபத்தே இதுதான்.

17/ அதோட ஜல்லியைக் கெட்டிப்படுத்துற மெஷின், தண்டவாளம் அறுக்குற மெஷின். தினமும் 85 டெசிபலுக்கு மேல வருஷக்கணக்கா கேட்டா உள்காதுல இருக்கிற நரம்புச் செல்கள் சாகும். திரும்ப முளைக்காது. காது மந்தமானவரை, காதை நம்பி வேலை செய்யச் சொல்றோம். காது போனதுக்குக் காரணமும் அதே வேலைதான்.

18/ ‘அதுக்குத்தான் ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்துறாங்களே, விசில் ஊதுவாரே?’ நல்ல கேள்வி. 1948ல நார்மன் மேக்வொர்த்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதைச் சோதிச்சார். ரெண்டாம் உலகப் போர்ல ராடார் திரையைப் பார்க்கிற சிப்பாய்கள் ஏன் தவறவிடுறாங்கன்னு கண்டுபிடிக்கிறதுக்காக. ஒரு கடிகார முள் எப்பவாவது ஒரு தடவை ரெண்டு கட்டம் தாவும். அதைக் கவனிச்சுச் சொல்லணும். அவ்வளவுதான் வேலை.

19/ முதல் அரை மணி நேரத்துலயே கண்டுபிடிக்கிற திறன் கணிசமா விழுந்துடுச்சு. அவங்க இளைஞர்கள், பயிற்சி எடுத்தவங்க, நிழல்ல உட்கார்ந்திருந்தவங்க. நாம நம்ம ஆளை மே மாசம் மொரப்பூர் பக்கத்து வெயில்ல, தண்டவாளம் 60 டிகிரியைத் தொடுற இடத்துல, ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லி நாள் பூரா நிறுத்துறோம். அப்புறம் ‘அசந்துட்டான்’னு சொல்றோம். அசரும். மூளை அப்படித்தான் இருக்கு.

20/ இதுல மொழிப் பிரச்சனை வேற. எங்க எல்லைப் பக்கம் ஒரே கூட்டத்துல தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுறவங்க எல்லாம் இருப்பாங்க. ஒடிசாவுல இருந்து முந்தாநாள் வந்த பையனுக்கு ‘ஓரம் போ’ன்னா என்ன புரியும்? ஓபியில ஒரு வயித்துவலி கேஸை விசாரிக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆகுது. அங்க இருக்கிறது பத்து வினாடி.

21/ இப்ப ஓசூர்க்காரங்களைக் கேட்கிறேன். சிப்காட்ல பவர் பிரஸ் ஓட்டுறவங்க இருக்கீங்கள்ல? பழைய காலத்துல விரல் போகும். ‘கவனமா இரு’ன்னு போர்டு மாட்டினாங்க. அப்பவும் விரல் போச்சு. அப்புறம் ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அழுத்தினாத்தான் பிரஸ் இறங்கும்னு மாத்தினாங்க. கை உள்ள போனா மெஷின் தானா நிக்கிற மாதிரி சென்சார் வெச்சாங்க. ரிப்பேர்னா மெயினை ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, சாவி ரிப்பேர் பண்றவர் பாக்கெட்டுல.

22/ யாரும் விரலுக்குக் கவனம் கத்துக்கொடுத்து ஜெயிக்கலை. மெஷினை மாத்தித்தான் ஜெயிச்சாங்க. சின்னப் பட்டறைகள்ல இதையெல்லாம் செய்யாம விடுறவங்க இன்னும் இருக்காங்க, அந்தக் கைகளும் எங்ககிட்டதான் வருது. ஆனா வழி என்னன்னு யாருக்கும் சந்தேகம் இல்லை. ரயில் பாதையில மட்டும் ஏன் ஓடுற மெஷினுக்குள்ள கையை விடச் சொல்றோம்?

23/ தண்டவாளத்துல ‘மெயின் ஆஃப்’ பண்றதுக்குப் பேர் லைன் பிளாக். குறிப்பிட்ட நேரம் அந்தப் பாதையில ரயில் விடமாட்டோம்னு ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வேலை செய்யுறது. ‘அப்படிப் பண்ணினா ரயில் எல்லாம் லேட் ஆகுமே’ன்னு சொல்வாங்க. ரயில்வே 2023 நவம்பர்ல பொது விதிகளைத் திருத்தி ‘ரோலிங் பிளாக்’னு ஒரு முறையைக் கொண்டுவந்துச்சு. பராமரிப்பு வேலையை 52 வாரம் முன்கூட்டியே திட்டமிடலாம். ஆக முடியாத விஷயம் இல்லை. பெரிய மெஷின் வேலைக்கு முடிஞ்சா, நாலு கூலி ஆள் குப்பை பொறுக்குறதுக்கும் முடியணும்.

24/ ரயில்வே விதிப் புத்தகத்துல இன்னொண்ணு பாருங்க. தண்டவாளம் உடைஞ்சிருந்தா ரயிலைக் காப்பாத்த கேங்மேன் என்ன செய்யணும்? அகலப் பாதையில 600 மீட்டர் தள்ளி ஒரு எச்சரிக்கை வெடி, 1,200 மீட்டர் தள்ளி பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில மூணு வெடி. கையில கொடியோட ஓடணும். எவ்வளவு துல்லியம்! பயணிகளைக் காப்பாத்த இப்படி மீட்டர் கணக்குல யோசிச்சவங்களுக்கு, அந்த ஓடுற ஆளைக் காப்பாத்தவும் அதே துல்லியத்தோட யோசிக்கத் தெரியும். அந்த ஆள் யாரோட ஆள்ங்கிறதுதான் பிரச்சனை.

25/ நிரந்தர ஊழியருக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கு. கண்பார்வைக்கு மருத்துவ வகைப்பாடு இருக்கு. யூனியன் இருக்கு. வேலை நேரத்துக்கு விதி இருக்கு. இவ்வளவு இருந்தும் சாகுறாங்க. ஒப்பந்தக் கூலிக்கு என்ன இருக்கு? காலையில வேன் வரும், மேஸ்திரி இருப்பார், சாயங்காலம் சம்பளம். அதே தண்டவாளம், அதே ரயில்.

26/ ‘ரக்‌ஷக்’னு ஒரு கருவி பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. வயர்லெஸ்ல வேலை செய்யும். ரயில் நெருங்கினா ஊழியர் உடம்புல மாட்டியிருக்கிற கருவி ஒலிச்சு, மின்னி எச்சரிக்கும். நல்ல கண்டுபிடிப்பு. வரவேற்கிறேன். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு: குப்பை பொறுக்குற அம்மா இடுப்புல அது இருக்கா? ‘கவச்’ பத்திப் பெருமையா பேசுறோம். அது ரயிலும் ரயிலும் மோதாம காக்க வந்தது. நடுவுல நிக்கிற மனுஷனுக்கு?

27/ இன்னொரு ஆபத்தும் தலைக்கு மேல இருக்கு. மின்மயமான பாதைகள்ல மேல போற கம்பியில 25,000 வோல்ட். நம்ம வீட்டுல 230. அந்தக் கம்பியைத் தொட வேண்டியதில்லை, நீளமான இரும்புக் குழாயைத் தூக்கிட்டுக் கிட்ட போனாலே மின்சாரம் தாவும். கரன்ட் எரிச்ச உடம்பைப் பார்த்திருக்கேன். தோல்ல சின்னப் புண்ணுதான் தெரியும். உள்ள தசை வெந்திருக்கும். கையை எடுக்க வேண்டி வரும். ரெண்டு மீட்டருக்குள்ள போகக்கூடாதுன்னு விதி. அந்த விதியை மொழி தெரியாத பையனுக்கு யார் சொன்னது?

28/ ‘எல்லாம் தண்ணி போட்டுட்டு வேலைக்கு வர்றானுங்க’ன்னு ஒரு கூட்டம் வரும். வாங்க. மது வாசனை இருந்தா நாங்க எழுதுவோம். இல்லைன்னா இல்லைன்னும் எழுதுவோம். அன்னைக்கு வந்தவர்கிட்ட இல்லை. அதையும் எழுதியிருக்கேன்.

29/ இந்த வார்த்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் வருதுன்னு தெரியுமா? போதையில இருந்தா இழப்பீடு கிடையாதுன்னு மிரட்டலாம்ல. சட்டத்துல அப்படி ஒரு விதிவிலக்கு இருக்குறது உண்மை. ஆனா சாவுக்கும், நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விதிவிலக்கு செல்லாது. இதைக் குடும்பங்களுக்கு யாரும் சொல்றதில்லை.

30/ தொகையைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க. 1923லயே வந்த இழப்பீட்டுச் சட்டம். இப்ப 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள வந்திருக்கு. வேலையில இறந்தா மாசச் சம்பளத்துல பாதியை, வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்கணும். 40 வயசுக்கு அந்த எண் 184.17. மாசம் 15,000 சம்பளம்னா பாதி 7,500. பெருக்கினா 13,81,275 ரூபாய். மேஸ்திரி கொண்டுவந்து கொடுக்கிற ‘காரியச் செலவு’ எவ்வளவுன்னு நீங்களே பார்த்திருப்பீங்க.

31/ ஒப்பந்ததாரர் ஓடிப்போனாலும் வேலை கொடுத்த முதன்மை நிறுவனத்துகிட்ட கேட்கலாம். சட்டம் இடம் கொடுக்குது. ஆனா அதுக்கு ‘வேலை நேரத்துல, வேலை இடத்துல, வேலையால’ நடந்ததுன்னு காட்டணும். ஏ.ஆர்.ல ‘பைக் ஸ்லிப்’னு இருந்தா? முடிஞ்சது கதை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சொன்ன ஒரு பொய்க்கு விலை பல லட்சம். அந்த லாபம் யாருக்குன்னு சொல்லணுமா?

32/ பாதையில உடம்பு கிடந்தா இருப்புப்பாதை போலீஸ் சந்தேக மரணம்னு வழக்குப் பதிவாங்க. சட்டை பாக்கெட்டுல அடையாள அட்டை இல்லைன்னா அவர் ‘தண்டவாளத்தைக் கடந்தவர்’ ஆயிடுவார். தொழிலாளியா காலையில போனவர் சாயங்காலம் அத்துமீறி நுழைஞ்சவர். அதனாலதான் அட்டை, வருகைப் பதிவு, சம்பள ரசீது இதெல்லாம் பேப்பர் வேலை இல்லை, உயிர் போன பிறகும் கூட நிக்கிற சாட்சி.

33/ சரி, மாறுமா? மாறியிருக்கு. ஆளில்லா லெவல் கிராசிங் ஞாபகம் இருக்கா? வேன்ல போன பள்ளிக் குழந்தைங்க வரைக்கும் செத்தாங்க. ‘ரெண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவும்’னு பல வருஷம் போர்டு வெச்சிருந்தோம். காகோத்கர் குழு எல்லா கிராசிங்கையும் ஒழிக்கச் சொல்லுச்சு. 2019 ஜனவரி கடைசியோட அகலப் பாதையில ஆளில்லா கிராசிங்கே இல்லைன்னு ஆக்கினாங்க. அந்தச் சாவு நின்னுச்சு. டிரைவர்களுக்குத் திடீர்னு கவனம் வந்துடலை, கிராசிங் போச்சு.

34/ வெளிநாட்டுக் கதையும் ஒண்ணு. 2019 ஜூலை 3, வேல்ஸ்ல மார்கம்ங்கிற இடத்துல ரெண்டு தண்டவாளத் தொழிலாளிகள் ரயில் மோதிச் செத்தாங்க. ரெண்டே பேர். தனி விசாரணை அமைப்பு முழு அறிக்கை வெளியிட்டுச்சு. ஓடுற ரயிலுக்கு நடுவுல, வெறும் காவல் ஆளை மட்டும் நம்பி வேலை செய்யுற முறையையே அதுக்கப்புறம் பெருமளவு குறைச்சாங்க. இங்க நாலு பேர் செத்தா ஒரு ஒப்பந்தத்தை ரத்து பண்றோம். அடுத்த ஒப்பந்ததாரர் வருவார், அதே பாலம், அதே சாக்குப் பை.

35/ இப்ப ‘எங்க ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்’னு கேட்கிற காவேரிப்பட்டினத்துக்காரங்களுக்கு வர்றேன். 1905ல திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய ரயில் பாதை வந்துச்சு. பஞ்ச காலத்துல உதவும்னு போட்டது. ரெண்டாம் உலகப் போர் முடியுறதுக்குள்ள அதுவும் போயிடுச்சு. அன்னையில இருந்து மாவட்டத் தலைநகருக்கு ரயில் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். எனக்கும் வேணும். கர்ப்பிணிகளையும் மாங்கூழையும் ஒரே நெடுஞ்சாலையில அனுப்பிட்டிருக்கோம்.

36/ ஆனா ரயில் இல்லாத ஊர்ல இருந்துதான் ரயில் வேலைக்கு ஆள் போறாங்க. ஒரு பக்கம் சாமல்பட்டி, மொரப்பூர் வழியா சேலம் போற பாதை. இன்னொரு பக்கம் பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியா பெங்களூர் போற பாதை. மா சீசன் முடிஞ்சு, தென்பெண்ணையில தண்ணி இல்லாதப்போ, ரெண்டு பாதையிலயும் நம்ம ஆளுங்க கடப்பாரையோட நிப்பாங்க. நாளைக்கு கிருஷ்ணகிரிக்குப் புதுப் பாதை வந்தா அதைப் போடப்போறதும் அவங்கதான்.

37/ 2021 நவம்பர் 12 விடியக்காலை நினைவு இருக்கா? தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவுல, முத்தம்பட்டி பக்கத்துல, கண்ணூர்-யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் மேல மலைப் பாறை சரிஞ்சு பெட்டிகள் தடம் புரண்டுச்சு. 2,348 பயணிகள். எல்லாரும் தப்பிச்சாங்க. எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொன்னோம். சரிதான். அதே மலைக்கு அடியில, அதே மழை ஈரத்துல நின்னு பாறையை உடைச்சு அள்ளிப் பாதையைச் சரிபண்ணினவங்களைப் பத்தி யாராவது ஒரு வரி எழுதினோமா?

38/ கோபப்பட்டு முடிச்சுடக் கூடாது. என்ன செய்யணும்? ரயில்வேக்கு அஞ்சு கோரிக்கை. ஒண்ணு, லைன் பிளாக் இல்லாம தண்டவாளத்துக்கு நடுவுல ஒப்பந்தக் கூலி யாரும் இறங்கக்கூடாது. ரெண்டு, பாலம், குகை, வளைவு மூணுலயும் இந்த விதிக்கு விலக்கே கூடாது. மூணு, நிரந்தர ஊழியருக்குத் தர்ற எச்சரிக்கைக் கருவி கூலிக்கும் வேணும்.

39/ நாலு, காவல் ஆளை அரை மணிக்கு ஒரு தடவை மாத்தணும், அவர் கையில வேற வேலை கொடுக்கக்கூடாது. அஞ்சு, வருஷம் ஒரு தடவை காது, கண் பரிசோதனை, வேலை இடத்துல நிழலும் தண்ணியும். இதுல எதுக்கும் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. ஒப்பந்தத்துல நாலு வரி சேர்த்து, மீறினா பணம் பிடிச்சா போதும்.

40/ தொழிலாளிகளுக்கும் குடும்பத்துக்கும்: அடிபட்டா பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க, 108 கூப்பிடுங்க. ரத்தம் கொட்டினா சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க, கையை எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. விரலோ கையோ துண்டாயிட்டா சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரை ஐஸ் தண்ணிக்குள்ள வெச்சுக் கொண்டுவாங்க. ஐஸ் மேல நேரா வைக்காதீங்க.

41/ டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. எங்க, என்ன வேலை, எத்தனை மணி. ஏ.ஆர். நம்பரை எழுதி வெச்சுக்கோங்க, காப்பி கேட்டு வாங்குங்க. வேலைக்குப் போற இடத்தை வாரம் ஒரு தடவை போன்ல படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைங்க. மேஸ்திரி நம்பர், ஒப்பந்ததாரர் பேர் வீட்டுல யாருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

42/ என் டாக்டர் நண்பர்களே, உங்களுக்கும் ஒண்ணு. ‘தொழில்’ங்கிற இடத்துல நாம எல்லாரும் ‘கூலி’ன்னு எழுதிட்டுப் போறோம். நானும் பல வருஷம் எழுதினேன். இனிமே எழுதாதீங்க. ‘ஒப்பந்த ரயில் பாதைத் தொழிலாளி’ன்னு எழுத இன்னும் பத்து வினாடி ஆகும். கூட வந்தவர் சொல்ற கதையை எழுதினா யார் சொன்னதுன்னும் எழுதுங்க. முடிஞ்சவரைக்கும் நோயாளிகிட்ட தனியா கேளுங்க.

43/ பயணிகளுக்கு: அடுத்த தடவை நடுக்காட்டுல ரயில் மெதுவா ஊர்ந்தா ‘என்ன கண்றாவி ரயில்வேடா’ன்னு ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா வெளிய பாருங்க. ஆரஞ்சுச் சட்டை போட்டு ஓரமா ஒதுங்கி நிக்கிறாங்களான்னு பாருங்க. நமக்கு அஞ்சு நிமிஷம் லேட். அவங்க வீட்டுக்குப் போவாங்க. லோகோ பைலட்டுக்கும் அதுதான் நிம்மதி. பிரேக் போட்டாலும் ரயில் நிக்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். ஹாரனை அழுத்திட்டுப் பார்த்துட்டே இருக்கிறதைத் தவிர அவரால ஒண்ணும் பண்ண முடியாது. அந்தக் காட்சியோட அவரும் தூங்கணும்.

44/ எம்.பி., எம்.எல்.ஏ. யாராவது படிச்சா: புது ரயில் பாதை கேட்டு அடுத்த மனு கொடுக்குறப்போ, அதுல ஒரு பத்தி சேருங்க. பாதை போடுறப்போ எத்தனை ஒப்பந்தத் தொழிலாளி அடிபட்டாங்க, எத்தனை பேருக்கு இழப்பீடு கிடைச்சுதுன்னு மாசாமாசம் வெளியிடணும்னு கேளுங்க. எண்ணாத சாவு குறையாது.

45/ அன்னைக்கு வந்தவருக்குக் காயத்தைக் கழுவி, கட்டை கட்டி, ஊசி போட்டு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸ் ஏத்துறப்போ அவர் மனைவி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நெசத்தை எழுதிட்டீங்களே டாக்டரம்மா, எங்களுக்கு ஏதாச்சும் பிரச்சனை வருமா?"ன்னு கேட்டாங்க. உண்மையை எழுதினதுக்கு அடிபட்டவரோட குடும்பம் பயப்படுது. யோசிச்சுப் பாருங்க.

46/ கால் தப்பிச்சுது. உள்ள கம்பி இருக்கு. கொஞ்சம் சாய்ஞ்சு நடக்கிறார். கடப்பாரை வேலைக்கு இனி போக முடியாது. இழப்பீட்டுக்கு மனு போட்டிருக்காங்க. போன வாரம் ஓபிக்கு வந்தப்போ அந்த மனுவைக் காட்டினார். முதல் பக்கத்துலயே எங்க ஏ.ஆர். காப்பியைக் குத்தி வெச்சிருந்தாங்க. என் கையெழுத்து மோசமா இருக்குன்னு அவர் பொண்ணு சிரிச்சா. எட்டாவது படிக்கிறா.

47/ இனிமே கொஞ்சம் நிதானமா, படிக்கிற மாதிரி எழுதணும்னு நினைச்சுக்கிட்டேன். உங்க வீட்டுல, தெருவுல, தண்டவாள வேலைக்குப் போறவங்க இருந்தா இந்த இழையை, முக்கியமா 30, 31, 40, 41 நாலையும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. பகிர்ந்தா மட்டும் போதாது, படிச்சுக் காட்டுங்க.